ஹோஸில் ஆயில் ஒட்டினாலே டர்போ போச்சா?

ஜூன் 7, இரவு

"இன்டர்கூலர் ஹோஸுக்குள்ள ஆயில் இருக்கு. டர்போ போச்சு, மாத்திருங்க." தென்காசியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்றைக்குச் சொன்னது. நாற்பதாயிரத்துக்குக் குறையாதாம். (டர்போ எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும், அந்தக் காற்றை ஆற்றுவது இன்டர்கூலர், நடுவே காற்று போகிற குழாய்தான் இந்த ஹோஸ்.) ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுக் காட்டினார்கள், விரல் கருப்பாக வந்தது, அவ்வளவுதான் சோதனை. இதை நான் ஒப்பவில்லை. ஒப்புகிறவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

வண்டி 1.3 லிட்டர் டர்போ டீசல், பிஎஸ்4, மேனுவல் கியர், லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. கம்பெனிப் பெயர் வேண்டாம், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். வீடு செங்கோட்டை. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில். அதனால் புளியரை ஏற்றம், ஆரியங்காவு, தென்மலை என்று மலையேறி இறங்குவதுதான் இந்த வண்டிக்குப் பிழைப்பு.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங் அடியில் ஈரம். நிறுத்துகிற இடத்தில் காசு அகலத்துக்குக் கறை. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டில் இருந்த ஆயில் அடுத்த சர்வீஸுக்கு முன்பே பாதிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இழுவை குறையவில்லை. டர்போவின் விசில் சத்தமும் கூடவில்லை.

ஜூன் 8, காலை

புகை நிறம் கேட்டிருக்கிறார்கள். நீலம் இல்லை. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் மிதிக்கும்போது கொஞ்சம் கருப்பு வரும், அது டீசல் முழுசாக எரியாத புகை. ஆயில் எரிந்தால் நீலம், கூலன்ட் எரிந்தால் இனிப்பு வாடையோடு வெள்ளை. நீலப்புகையைப் பார்க்க வேண்டிய நேரம், ரொம்ப நேரம் ஐடிலில் நிறுத்தி வைத்துவிட்டுச் சட்டென்று மிதிக்கும்போது. நேற்று ராத்திரி அதையும் செய்து பார்த்தேன். தம்பி பின்னால் நின்று டார்ச் அடித்தான். நீலம் இல்லை.

ஜூன் 8, மதியம்

ஹோஸுக்குள் ஆயில் எப்படி வருகிறது என்பதை முதலில் பேசித் தீர்த்துவிடலாம்.

சிலிண்டரில் எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் அறைக்குள் இறங்கும். எந்த எஞ்சினிலும் இது உண்டு. அந்த வாயு ஆயில் ஆவியையும் சுமந்துகொண்டு பிரீதர் என்கிற மூச்சுவழி வழியாக வெளியேறுகிறது. காற்றில் விட்டால் மாசு என்பதால், ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து டர்போவின் காற்றுப் பக்கம், அப்புறம் இன்டர்கூலர். ஆகவே லட்சம் ஓடிய டீசல் வண்டியில் ஹோஸின் உள்சுவரில் மெல்லிய ஆயில் பூச்சு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஹோஸைக் கவிழ்த்தால் வடிந்து ஊற்ற வேண்டும், இன்டர்கூலரின் அடியில் குளம் கட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் சந்தேகம். எனக்கு விரலில் ஒட்டியது, ஊற்றவில்லை.

ஜூன் 8, இரவு

"அப்ப பெல் ஹவுசிங்ல ஈரம் எங்கிருந்து? பின் சீல்தான்" என்று கடையநல்லூர்க்காரர் எழுதியிருக்கிறார். இருக்கலாம் அண்ணாச்சி. கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் என்றால் கியர்பாக்ஸை இறக்கணும், அதோடு கிளட்சையும் பார்த்துவிடு என்பார்கள், சீல் விலையைவிடக் கூலி பல மடங்கு. அதனால்தான் அதைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொள்கிறேன்.

பெல் ஹவுசிங்கில் கியர் ஆயிலும் வரும், இன்புட் ஷாஃப்ட் சீல் போனால். இரண்டு விரலில் தேய்த்து முகர்ந்தேன். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக வாடை உண்டு, நிறமும் தேன் மாதிரி இருக்கும். இது கன்னங்கரேல் என்று இருக்கிறது, அந்த வாடையும் இல்லை. எஞ்சின் ஆயில்தான்.

ஜூன் 10

துடைக்காமல் தேடக்கூடாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். ஆயில் கசிகிற இடம் வேறு, ஆயில் தெரிகிற இடம் வேறு. மேலே கசிந்தது சுவரோடு வழிந்து கீழே இறங்கும். ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளும். கீழே உள்ள பிளாஸ்டிக் அண்டர் கவர் அத்தனையையும் வாங்கி ஊறவைத்து, எங்கேயோ ஓர் ஓட்டையில் சொட்ட விடும். தரையில் விழுந்த சொட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

இன்று செய்தது: எஞ்சின் ஆறினபிறகு ஆல்டர்னேட்டரையும் வயர் கனெக்டர்களையும் பாலிதீன் பை போட்டுக் கட்டினேன். ஏர் ஃபில்டர் வாயை மூடினேன். டீசலைத் தொட்டுப் பிரஷ் போட்டுத் தேய்த்து, டிகிரீசர் அடித்து, பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுத்தேன். பிரஷர் வாட்டர் அடிக்கவில்லை. சூடாக இருக்கிற டர்போ மேல் தண்ணீர் பீய்ச்சுவது அந்த வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் விரிசல் விழ வைக்கிற வேலை. அண்டர் கவர் கழற்றியபடியே இருக்கிறது, தேடி முடிகிற வரை மாட்டப் போவதில்லை.

இன்னொன்று. டீசல் போட்டுத் துடைத்த எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். காயவிட்டுத்தான்.

ஜூன் 13

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது. ஊருக்கே கொண்டாட்டம், எனக்குத்தான் வேலை கெடுகிறது. புளியரை தாண்டினால் ரோடு முழுக்க ஈரம், வண்டியின் வயிறு முழுக்கச் சேறு. ஆயிலும் சேறும் சேர்ந்தால் எது எங்கிருந்து வந்தது என்று பிரம்மாவே சொல்ல முடியாது. சரி, மழை இல்லாத பக்கம் போவோம் என்று புளியங்குடி வரை தரையில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். காய்ந்து கிடக்கிறது. ஒரு சொட்டு இல்லை.

இதுவே ஒரு துப்பு. சமவெளியில் கசியாதது மலையில் கசிகிறது. மணல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அந்த எஸ் வளைவில் இரண்டாம் கியரில் ஊர்ந்தால் எஞ்சினுக்கு லோடு முழுசு, எதிர்க்காற்றோ கிடையாது. ஆயில் சுட்டு நீர்த்துப் போகும். ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயுவும் கூடும். கசிவைப் பார்க்க வேண்டுமென்றால் கசிகிற நிலைமையில்தான் பார்க்கணும். ஒர்க்‌ஷாப்பில் பத்து நிமிஷம் ஐடிலில் வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்பதும், பார்க்காமலே "டர்போ" என்பதும் எனக்கு ஒரே மாதிரித்தான் படுகிறது.

ஜூன் 17

மழை விட்டது. காலையிலேயே மறுபடி துடைத்துக் காயவைத்து, சந்தேகப்பட்ட இடம் எல்லாம் டால்கம் பவுடர் தூவினேன். டாப்பெட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) ஓரம், ஆயில் ஃபில்டர் ஹவுசிங், டர்போவுக்கு ஆயில் ஏறுகிற குழாயின் பேஞ்சோ போல்ட் (உள்ளே ஆயில் போக ஓட்டை உள்ள போல்ட்), கீழே இறங்குகிற ரிட்டர்ன் குழாய், பெல் ஹவுசிங் மேல்பக்கம். காற்று இழுக்கும் வாய்ப் பக்கம் பவுடர் கூடாது. வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்டால் கோடு கோடாகக் கருக்கும், ஆரம்பம் எது முடிவு எது என்று கண்ணால் படிக்கலாம்.

ஏறினேன். ஆரியங்காவில் ஐயப்பன் கோவிலுக்கு முன்னால் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தேன்.

பின் சீல் இல்லை அண்ணாச்சி! கோடு மேலேயிருந்து வருகிறது. கேம் ஷாஃப்டின் கடைசியில், கியர்பாக்ஸுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிற வேக்யூம் பம்ப். அதன் அடி உதட்டில் தொடங்கிய கருப்புக்கோடு எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் சுவரோடு இறங்கி, பெல் ஹவுசிங் மேல் விழுந்து, அதைச் சுற்றிக்கொண்டு அடிக்குப் போகிறது.

ஜூன் 17, இரவு

அப்படியே புனலூர் போய் அங்கே ஒரு பழைய மெக்கானிக்கிடம் காட்டினேன். எல்லாரும் ஆசான் என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முகளில் நின்னா வருன்னது" (மேலேயிருந்துதான் வருகிறது) என்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே. தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில், மலையாளத்தில் கேட்டால் தமிழில் பதில். செங்கோட்டையே 1956 வரை அந்தப் பக்கத்து அரசோடு இருந்த ஊர்தானே, இங்கே ஸ்பானர் பிடிக்கிறவர்கள் யாருக்கும் இது புதிதில்லை.

வேக்யூம் பம்ப் எதற்கு என்று கேட்டவருக்கு: பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் வால்வுக்குப் பின்னால் வெற்றிடம் தானாகக் கிடைக்கும், பிரேக் பூஸ்டர் அதை எடுத்துக்கொள்ளும். டீசலில் அது கிடைக்காது. அதற்காகத் தனிப் பம்ப். அதற்கும் எஞ்சின் ஆயில்தான் மசகு. ஹெட்டோடு சேருகிற இடத்தில் ஒரு ஓ-ரிங், சில வண்டியில் பேக்கிங். என்னுடையதைக் கழற்றியபோது ஓ-ரிங் ரப்பராகவே இல்லை. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, வளைத்ததும் ஒடிந்தது. புது ரிங்கின் விலை ஒரு சாப்பாட்டு விலைக்குள் அடங்கிவிட்டது.

ஜூன் 22

ஓ-ரிங் மாற்றியாயிற்று, வேக்யூம் பம்ப் பக்கம் சுத்தம். ஆனால் விஷயம் முடியவில்லை. நேற்று ஏறி இறங்கியபிறகு டர்போவின் ரிட்டர்ன் குழாய் மேல்முனையில் புதிதாகப் பளபளப்பு. பெரிய கசிவின் கீழே இந்தச் சின்னக் கசிவு இத்தனை நாள் மறைந்திருந்திருக்கிறது. பெரியதைத் தீர்த்துவிட்டு மறுபடி துடைத்துப் பார்க்கணும் என்பது இதற்காகத்தான்.

"பாத்தீங்களா, டர்போதான்" என்று மூன்று பேர். பொறுங்கள்.

ஜூன் 22, இரவு

டர்போவுக்குள் ஆயில் எப்படி நிற்கிறது என்பது தெரியாமல்தான் பாதி டர்போக்கள் குப்பைக்குப் போகின்றன. சின்ன டீசல் டர்போவின் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றும். அந்த வேகத்தில் ரப்பர் உதட்டு சீல் எதுவும் தாங்காது. உள்ளே இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையங்கள். அவை முழுசாக அடைப்பதில்லை. காற்றுப் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் அழுத்தம் கூடவும், நடு ஹவுசிங்கில் குறைவாகவும் இருப்பதால்தான் ஆயில் வெளியே வராமல் நிற்கிறது. பேரிங்குக்கு ஆயில் பிரஷரோடு ஏறுகிறது, சூடான எஞ்சினில் 2 முதல் 4 பார் இருக்கும். இறங்குவதோ வெறும் புவியீர்ப்பில். அதனால்தான் ஏறுகிற குழாய் பென்சில் தடிமன், இறங்குகிற குழாய் விரல் தடிமன்.

இறங்குகிற வழி தடைபட்டால் நடு ஹவுசிங் நிரம்பும், வளையத்தைத் தாண்டி ஆயில் இரண்டு பக்கமும் ஒழுகும். புது டர்போ போட்டாலும் ஒழுகும். தடைக்குக் காரணம் ரிட்டர்ன் குழாயில் கரி, மடிந்த ஹோஸ், அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில், இல்லையென்றால் கிராங்க் அறையில் அழுத்தம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் காற்றுப் பக்கம் உறிஞ்சல் கூடி ஆயிலை இழுத்துக்கொள்ளும்.

ஜூன் 24

டர்போ ஷாஃப்டின் பிளே, அதாவது ஆட்டம், பார்த்தேன். எஞ்சின் குளிர்ந்து, இன்டேக் ஹோஸ் கழற்றி, காற்றுப் பக்கத்துக் கம்ப்ரசர் சக்கரத்தின் மூக்கை இரண்டு விரலில் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் இம்மி ஆடுகிறது. அது இருக்க வேண்டிய ஆட்டம். ஷாஃப்ட் ஆயில் படலத்தில் மிதப்பதால், ஆயில் இல்லாத நேரத்தில் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இறக்கை ஹவுசிங்கைத் தொடக்கூடாது. உள்ளும் வெளியுமாக இழுத்துத் தள்ளினால் கைக்கு ஆட்டமே தெரியக்கூடாது. எனக்குத் தெரியவில்லை. இறக்கை நுனிகள் கூர்மையாக இருக்கின்றன, ஹவுசிங்கில் உரசிய வட்டக்கோடு இல்லை.

டர்போ நன்றாக இருக்கிறது. இதை அழுத்திச் சொல்கிறேன், நாற்பதாயிரத்துக்கு இதை மாற்றியிருந்தாலும் அந்தக் கறை அப்படியேதான் இருந்திருக்கும்.

ஜூன் 25

பிரீதர். ஆசான் போனில் சொன்ன சோதனை: எஞ்சின் ஐடிலில், ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகிவிட்டு அந்த வாயிலேயே சும்மா வை. லேசாக நடுங்கினால் சரி. தூக்கி எறிந்தால் உள்ளே அழுத்தம். எனக்குத் துள்ளியது. மூடியை எடுத்துவிட்டு ரப்பர் கையுறையை வாயில் மாட்டினால் கை மாதிரி விறைத்து எழும்பிவிட்டது.

இரண்டே காரணம். ஒன்று, ரிங் தேய்ந்து வாயு அதிகமாக இறங்குகிறது. அப்படியென்றால் கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்கணும், செலவு பெரிது. இரண்டாவது, இறங்குகிற வாயு சரியான அளவுதான், வெளியேறுகிற வழி அடைத்திருக்கிறது. கழற்றினேன். பிரீதரின் ஆயில் பிரிக்கும் பெட்டியில் பாதிக்கு மேல் கருப்புக் களி. டீசலில் ஊறவைத்துக் கழுவி, காயவைத்து மாட்டினேன். இப்போது மூடி லேசாக நடுங்குவதோடு சரி.

காற்றடிக்கிற கம்ப்ரசர் மெஷின் வைத்திருக்கிற நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிப்ஸ்டிக் குழாயில் நேராகக் காற்றை விட்டுக் கசிவு தேடுகிறேன் என்று இறங்காதீர்கள். கிராங்க் அறை வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒட்டியே இருக்க வேண்டிய இடம். நல்ல சீலும் பிதுங்கிவிடும். புகை விட்டுப் பார்க்கிற மெஷின் இருந்தால் அது மிகக் குறைந்த அழுத்தத்தில் விடும், அது வேறு.

ஜூன் 29

ரிட்டர்ன் குழாயின் மேல்முனைப் பேக்கிங்கையும் மாற்றினேன். கழற்றினால் பழையதைப் போடக்கூடாது. குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், கரி இல்லை. மேலே பேஞ்சோ போல்ட்டின் இரண்டு செம்பு வாஷரும் புதிது.

உதிரிபாகக் கடைக்காரர் "சிலிகான் தடவி முறுக்கிருங்க, சாகுற வரைக்கும் ஒழுகாது" என்றார். டர்போ பக்கம் சிலிகான் ட்யூப் போகவே கூடாது. உள்பக்கம் பிதுங்கிய துணுக்கு உடைந்து ஆயில் பாதையில் மாட்டினால் பேரிங் ஆயில் இல்லாமல் கருகும்.

ஜூலை 3

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, போகட்டும், இது முக்கியம். டீசல் எஞ்சின் தானாகப் பிய்த்துக்கொண்டு ஓடுவதைப் பற்றி ஒருவர் கேட்டார். டர்போ உண்மையாகவே போய், ஆயில் காற்றுப் பக்கம் ஊற்ற ஆரம்பித்தால், எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டும். ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும், பின்னால் புகை மண்டலம். மேனுவல் வண்டியென்றால் பிரேக்கை முழுசாக மிதித்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டு, டாப் கியரில் தட்டி கிளட்சை விட்டுவிடுங்கள், எஞ்சின் திணறி நிற்கும். நிற்கவில்லையென்றால் எல்லாரும் இறங்கி விலகிப் போங்கள். பானெட்டைத் திறந்து காற்று வாயில் கையை வைக்கிற வீரம் வேண்டாம், கை போய்விடும்.

அதனால் "டர்போ போகல" என்று நான் சொல்வதை எல்லா வண்டிக்கும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீலப்புகை, உள்ளும் வெளியுமாக ஷாஃப்ட் ஆட்டம், இன்டர்கூலரில் குளம், இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அந்த வண்டியை மலையேற்றவே கூடாது. சும்மா சின்னக் கசிவுதானே என்று எக்ஸாஸ்ட் பக்கக் கசிவையும் விடாதீர்கள். எஞ்சின் ஆயிலின் ஃபிளாஷ் பாயின்ட் (அதன் ஆவி தீப்பற்றக்கூடிய சூடு) 200 டிகிரியைத் தாண்டித்தான், ஆனால் ஏற்றத்தில் எக்ஸாஸ்ட் பக்கத்து டர்பைன் ஹவுசிங் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும். தீப்பிடிக்கும்.

ஜூலை 4

மேலே ஏறினதும் லாரிக்காரர்கள் ஓரங்கட்டி, எஞ்சினை அணைக்காமல் டீ குடிப்பதைக் கோட்டைவாசல் பக்கம் பார்த்திருப்பீர்கள். பழக்கத்துக்குச் செய்வதில்லை அது. டர்பைன் கொதித்துக்கொண்டிருக்கும்போது எஞ்சினை நிறுத்தினால் ஆயில் ஓட்டம் நின்று, பேரிங்கில் தங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். ஏறி முடித்தபின் ஒரு நிமிஷம் ஐடில் போதும். ரொம்ப நேரம் ஐடிலில் போடுவதும் நல்லதல்ல, காற்றுப் பக்கம் அழுத்தம் இல்லாத நேரத்தில் அந்த உலோக வளையம் கசிய இடம் கொடுக்கும்.

ஜூலை 4, இரவு

பிஎஸ்6 டீசல்காரர் ஒருவர் "எனக்கு ஆயில் குறையல, ஏறுது" என்கிறார். கொண்டாட வேண்டாம் தம்பி. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர்) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதலாக அடிக்கிற டீசல் சிலிண்டர் சுவரோடு இறங்கி ஆயிலில் கலக்கிறது. கிட்டக் கிட்ட ஓடி, சுத்தம் முடியுமுன் அணைக்கிற வண்டிக்கு இது வரும். நீர்த்த ஆயில் டர்போ பேரிங்குக்கு எமன். மேல்கோட்டைத் தாண்டினால் ஆயிலை மாற்றுங்கள், கொஞ்சம் உறிஞ்சி எடுத்தால் போதும் என்று விடாதீர்கள்.

ஜூலை 19

இரண்டாம் யோசனை. கிராங்க் அறை அழுத்தத்தால்தான் ஓ-ரிங்கும் ரிட்டர்ன் பேக்கிங்கும் கசிந்தன, பிரீதர்தான் வேர் என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். ஆசான் ஒப்பவில்லை. "ஓ-ரிங் அந்த வயசுக்கு அப்படித்தான் ஆகும். பிரீதர் சுத்தமா இருந்தாலும் அது ஒழுகும்" என்கிறார். ஒடிந்த ரிங்கைப் பார்த்தவன் என்ற முறையில் மறுக்க முடியவில்லை. ஆனால் ரிட்டர்ன் பேக்கிங் அவ்வளவு மோசமாக இல்லை. அங்கே அழுத்தம்தான் தள்ளியிருக்கணும். ஆகவே இப்போது நான் சொல்வது: மேலே ஓ-ரிங்குக்கு வயசு, கீழே ரிட்டர்ன் பேக்கிங்குக்குப் பிரீதர். கடையநல்லூர் அண்ணாச்சி இரண்டுக்கும் பிரீதர் என்றே நிற்கிறார், நிற்கட்டும்.

செப்டம்பர் 2

ஓணத்துக்குத் தங்கச்சி வீடு. ரோடு முழுக்க வண்டி, புளியரையிலிருந்தே ஊர்வலம், முதல் கியரும் இரண்டாம் கியருமாக முழு ஏற்றமும். இதைவிடக் கடுமையான சோதனை கிடைக்காது. இறங்கியதும் அண்டர் கவரைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே தூசிதான். வேக்யூம் பம்ப் உதடு, ரிட்டர்ன் முனை, பேஞ்சோ எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. டிப்ஸ்டிக் மேல்கோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கவில்லை.

இன்டர்கூலர் ஹோஸையும் கழற்றினேன். விரலில் இன்னும் ஆயில் ஒட்டத்தான் செய்கிறது. முன்னைவிட மெல்லிசு.

செப்டம்பர் 3

இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கசிகிறது, பவுடரில் படிக்க முடியவில்லை என்று எழுதியவருக்கு: யூவி டை வாங்கி ஆயிலில் கலந்து ஓட்டிவிட்டு, இருட்டில் அந்த ஊதா லைட்டை அடித்துப் பாருங்கள். கசிகிற இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். டை ஊற்றும்போது வெளியே சிந்தினால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே கசிவு மாதிரிக் காட்டும்.

செம்பு வாஷர் கிடைக்காதவருக்கு: பழையதைச் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மிருதுவாகும், கரியைத் தேய்த்து எடுத்துவிட்டு மாட்டலாம். அவசரத்துக்கு அது போதும், ஊருக்குத் திரும்பியதும் புதிது போட்டுவிடுங்கள்.